வெளியூர்ச் சீட்டு யாருக்கு?
இங்கிலாந்துக் காற்பந்துக் கழகங்கள் பற்றுறுதியை அளந்த வரலாறு

ஒரு பொருள் எல்லோருக்கும் போதுமான அளவு இருக்குமாயின், அதனைப் பங்கிடும் சிக்கல் எழுவதில்லை. கேட்பவர் பலராகவும் கிடைப்பது சிலவாகவும் அமையும்போதுதான், யாருக்கு முதலில் கொடுப்பது, எந்த அளவுகோலைக் கொண்டு கொடுப்பது என்னும் வினாக்கள் பிறக்கின்றன. உணவுப் பங்கீட்டிலும் பள்ளி இடங்களிலும் எழும் இவ்வினா, விளையாட்டுத் திடலின் வாயிலிலும் எழுந்ததுண்டு. இங்கிலாந்து நாட்டுக் காற்பந்துக் கழகங்கள் நூறாண்டுக்கு மேலாக இதற்கு விடை தேடி வந்துள்ளன. அவ்விடைகள் மாறி வந்த வரலாறு, ஒரு சமுதாயம் நியாயம் என்று எதைக் கருதியது என்பதையும் உடன் காட்டும் வரலாறாகும்.

முதலில் சிக்கலின் அளவை அறிதல் வேண்டும். இங்கிலாந்தின் முதல்தரப் போட்டித் தொடரான பிரிமியர் லீக்கில் 20 கழகங்கள் உள்ளன. ஒவ்வொரு கழகமும் ஒரு பருவத்தில் 38 ஆட்டங்கள் ஆடும். 19 தன் சொந்தத் திடலில், 19 பிறர் திடலில். பிறர் திடலில் ஆடுவதையே வெளியூர் ஆட்டம் என்கின்றனர். மான்செஸ்டர் யுனைடெட் கழகத்தின் ஓல்ட் டிராபர்ட் திடலில் ஏறக்குறைய 74,000 பேர் அமரலாம். ஆனால் அதே கழகம் வெளியூர் செல்லும்போது, லீக் விதிப்படி அதற்கு உறுதியாகக் கிடைப்பவை 3,000 இடங்களே. விருந்தளிக்கும் திடல் 30,000 பேருக்கும் குறைவாகக் கொள்ளுமாயின் அதில் பத்தில் ஒரு பங்கே. சொந்த ஊரில் இருபத்தைந்து பேர் அமரும் நிலையில், வெளியூரில் ஒருவருக்கே இடம். அந்த ஒருவர் யார் என்பதே கேள்வி.

இருப்புப்பாதையும் அரைநாள் விடுமுறையும்

வெளியூர் சென்று ஆட்டம் காணும் வழக்கத்தைத் தோற்றுவித்தவை இரண்டு. ஒன்று, தொழிலாளர் பெற்ற ஓய்வு. 1850-ஆம் ஆண்டின் தொழிற்சாலைச் சட்டம், நெசவாலைகளில் பெண்களும் இளைஞர்களும் சனிக்கிழமை பிற்பகல் 2 மணியோடு வேலையை நிறுத்தவேண்டும் என விதித்தது. காலப்போக்கில் ஆடவர்க்கும் பிற தொழில்களுக்கும் சனிக்கிழமை அரைநாள் விடுமுறை பரவிற்று. இரண்டாவது, இருப்புப்பாதை. குறைந்த கட்டணத்தில் ஓடிய உல்லாசப் பயண ரயில்கள் தொழிலாளரை ஊர்விட்டு ஊர் கொண்டு சென்றன. 1884-ஆம் ஆண்டு எப்.ஏ. கிண்ண இறுதியாட்டத்தில் பிளாக்பர்ன் ரோவர்ஸ் கழகம் கிளாஸ்கோ குவீன்ஸ் பார்க் கழகத்தை எதிர்த்து லண்டன் ஓவல் திடலில் ஆடியபோது, லங்காஷயர் ஆலைத் தொழிலாளர் ரயிலேறி லண்டன் வந்து தலைநகர மக்களை வியக்கச் செய்தனர்.

1888-ஆம் ஆண்டில் ஆஸ்டன் வில்லா கழகத்தைச் சேர்ந்த வில்லியம் மக்கிரெகரின் முயற்சியால் காற்பந்து லீக் தோன்றியது. அதில் சேர்ந்த 12 கழகங்களில் ஆறு லங்காஷயரையும், ஆறு இங்கிலாந்தின் நடுப்பகுதியையும் சேர்ந்தவை. ஊர்கள் ஒன்றுக்கொன்று அண்மையில் இருந்தன. அக்காலத்தில் சீட்டுப் பங்கீடு என்பதே இல்லை. திடலின் சுழல் வாயிலில் காசு கொடுத்தவர் உள்ளே சென்றார். உள்ளூரார், வெளியூரார் என்ற பிரிவும் இல்லை. இரு சாராரும் தோளோடு தோள் உரசி நின்றே ஆட்டம் பார்த்தனர். முன்னே வந்தவர்க்கு முன்னிடம் என்பதே விதி. இவ்விதியின்படி, பற்று என்பது விடியற்காலையில் புறப்படும் உழைப்பால் அளக்கப்பட்டது எனலாம்.

திறந்த வாயிலின் முடிவு

இவ்வெளிய முறை 1923-ஆம் ஆண்டு ஏப்ரல் 28-ஆம் நாள் முறிந்தது. புதிதாகக் கட்டப்பட்ட வெம்பிளி அரங்கில் போல்ட்டன் வாண்டரர்ஸ் கழகமும் வெஸ்ட் ஹாம் யுனைடெட் கழகமும் முதலாவது இறுதியாட்டத்தில் மோதின. பெரும்பாலான இடங்களுக்கு முன்சீட்டு வழங்கப்படவில்லை. வாயிலில் காசு கொடுத்தால் போதும் என்றனர். உள்ளே நுழைந்தோர் என அதிகாரமுறையில் எண்ணப்பட்டவர் 126,047 பேர். சுவரேறியும் வாயில்களைத் தள்ளியும் புகுந்தவரைச் சேர்த்தால் இரண்டு இலட்சத்துக்கு மேலிருக்கும் என்பது பலர் மதிப்பீடு. கூட்டம் ஆடுதிடலையே மூடிக்கொண்டது. ஜார்ஜ் ஸ்கோரி என்னும் குதிரைப்படைக் காவலர் பில்லி என்ற வெண்ணிறக் குதிரைமீது அமர்ந்து, மக்களைப் பொறுமையாக எல்லைக்கோட்டுக்கு அப்பால் ஒதுக்கினார். முக்கால் மணி நேரத் தாமதத்துக்குப் பின் ஆட்டம் தொடங்கிற்று. போல்ட்டன் 2–0 என வென்றது.

உயிர்ச்சேதமின்றித் தப்பியது நற்பேறு. அடுத்த ஆண்டு முதல் இறுதியாட்டத்துக்கு முன்சீட்டின்றி எவரும் வரலாகாது என்று விதி ஏற்பட்டது. ஆயினும் மற்ற ஆட்டங்களில் பழைய வழக்கமே நீடித்தது. அதன் விலையைப் போல்ட்டன் நகரமே கொடுத்தது. 1946-ஆம் ஆண்டு மார்ச் 9-ஆம் நாள், போல்ட்டனின் பர்ண்டன் பார்க் திடலில் ஸ்டோக் சிட்டி கழகத்துடன் நடந்த கிண்ண ஆட்டத்துக்கு 85,000 பேர் வரை திரண்டனர் எனக் கணக்கிடப்படுகிறது. நெரிசலில் 33 பேர் மாண்டனர். திடல்களின் கொள்ளளவை வரையறுத்து உரிமம் வழங்கவேண்டும் என மோல்வின் ஹியூஸ் விசாரணை அறிக்கை பரிந்துரைத்தது. கூட்டத்துக்கு அளவு வேண்டும் என்ற எண்ணம் இவ்வாறு வலுப்பெற்றது. அளவு வந்தால் தேர்வும் வரும் அன்றோ?

டோக்கன் ஒட்டிய தாள்

இரண்டாம் உலகப் போருக்குப் பிந்திய ஆண்டுகள் இங்கிலாந்துக் காற்பந்தின் பெருங்கூட்டக் காலம். பெரிய கிண்ண ஆட்டங்களின் சீட்டுக்காக மக்கள் இரவெல்லாம் தெருவில் வரிசை நின்றனர். வரிசை நிற்பதில் ஒரு நியாயம் உண்டு, குறையும் உண்டு. இரவுமுறை வேலை செய்பவனும், கைக்குழந்தை உள்ள தாயும், முதியவரும் வரிசையில் தோற்றுப் போவர். ஆண்டு முழுதும் மழையில் நனைந்து ஆட்டம் பார்த்தவன் வீடு திரும்ப, இறுதியாட்டத்துக்கு மட்டும் ஆசைப்பட்டவன் சீட்டைப் பெறுவான்.

இக்குறையைத் தீர்க்கப் பல கழகங்கள் ஒரு வழி கண்டன. ஒவ்வோர் ஆட்டத்தின்போதும் விற்கும் நிகழ்ச்சி ஏட்டின் ஒரு மூலையில், எண்ணிட்ட டோக்கன் ஒன்றை அச்சிட்டன. ரசிகர் அதனைக் கத்தரித்து, கழகம் தந்த கட்டமிட்ட தாளில் வரிசையாக ஒட்டிவரவேண்டும். கிண்ண ஆட்டத்துக்கோ முக்கிய வெளியூர் ஆட்டத்துக்கோ சீட்டு விற்கும் நாளில், இத்தனை டோக்கன்கள் உள்ளவர் முதலில் வருக என்று அறிவிப்பு வெளிவரும். போர்க்காலத்தில் தொடங்கி 1954-ஆம் ஆண்டு வரை உணவுப் பங்கீட்டுப் புத்தகத்தோடு வாழ்ந்து பழகிய மக்களுக்கு, இம்முறை புதியதாகத் தோன்றவில்லை. கையில் தாள் இருந்தால் முறை உண்டு என்பதை அவர்கள் அறிந்திருந்தனர்.

டோக்கன் முறையில்தான் பற்றுறுதி முதன்முறையாக எண்ணிக்கையாயிற்று. அதனோடு எண்ணிக்கையை ஏமாற்றும் கலையும் பிறந்தது. ஒருவர் ஐந்து ஏடுகள் வாங்கினால் ஐந்து டோக்கன்கள். ஆட்டத்தைக் காணாதவரும் ஏட்டை வாங்கலாம். வேண்டியவரிடமிருந்து டோக்கனை விலைக்கும் பெறலாம். சில கழகங்கள் தம் இரண்டாம் அணியின் ஆட்டங்களுக்கும் டோக்கன் வழங்கியபோது, வெறிச்சோடிக் கிடக்கும் அத்திடல்களில் திடீரெனக் கூட்டம் சேர்ந்தது. வந்தவர் கண் பந்தின்மேல் இருந்ததோ, ஏட்டின் மூலைமேல் இருந்ததோ, கழகத்தால் சொல்லமுடியாது. இன்றும் பழைய நிகழ்ச்சி ஏடுகளைச் சேகரிப்போர், மூலை கத்தரிக்கப்பட்ட ஏட்டுக்குக் குறைந்த விலையே தருகின்றனர். அக்கத்தரிப்பே ஒரு காலத்தின் சான்று.

வேலி எழுந்த காலம்

1970-களில் வேறொரு துன்பம் சூழ்ந்தது. ரசிகர் கூட்டங்களுக்கிடையே கைகலப்புகள் பெருகின. வெளியூராரைத் தனியே நிறுத்த வேலிகளும் கூண்டுகள் போன்ற அடைப்புகளும் எழுந்தன. ரயில் நிலையத்திலிருந்து திடல்வரை போலீசார் காவலோடு அழைத்துச் சென்றனர். வெளியூர்ச் சீட்டு என்னும் தனிச்சீட்டு இப்பிரிவினையின் பிள்ளையே. யார் எந்த அடைப்பில் நிற்பார் என்பதை முன்னதாக அறியவேண்டியிருந்தமையால், வெளியூர் இடங்களை விருந்துக் கழகம் எண்ணிக் கொடுக்க, வரும் கழகம் தன் மக்களிடையே பகிர்ந்து விற்கும் வழக்கம் நிலைபெற்றது.

லூட்டன் டவுன் கழகம் இதனினும் ஒருபடி மேலே சென்றது. 1985-ஆம் ஆண்டு மார்ச் 13-ஆம் நாள் மில்வால் கழகத்துடன் நடந்த கிண்ண ஆட்டத்தில் அதன் திடல் கலவரக் களமாயிற்று. 1986-ஆம் ஆண்டு முதல் நான்கு பருவங்களுக்கு வெளியூர் ரசிகர் எவரையும் அக்கழகம் அனுமதிக்கவில்லை. உறுப்பினர் அட்டை உடையவரே நுழையலாம் என்றது. இதனால் 1986–87 பருவத்தின் லீக் கிண்ணப் போட்டியில் லூட்டனுக்கு இடமில்லாமற் போயிற்று. ஏனைய கழகங்கள் இத்தடையைப் பின்பற்றவில்லை. விருந்தினர் இல்லாத ஆட்டம் பாதி ஆட்டமே என்று கருதியோர் மிகுதி.

பணக்கணக்கும் இதற்கிடையே மாறிற்று. நெடுங்காலமாக லீக் ஆட்டங்களின் வாயில் வருமானத்தில் ஒரு பங்கு வந்த கழகத்துக்கும் சேர்ந்தது. 1983-ஆம் ஆண்டில் அவ்வழக்கம் நிறுத்தப்பட்டு, திடல் உடையவருக்கே முழு வருமானமும் என்றாயிற்று. பழைய முறையில் ஒரு கழகத்தின் ரசிகர் வெளியூருக்குக் கொண்டு சென்ற காசில் ஒரு சிறுபங்கு தம் கழகத்துக்கே திரும்பி வந்தது. புதிய முறையில் அது முழுவதும் எதிரியின் பெட்டிக்கே சென்றது.

ஹில்ஸ்பரோ கற்பித்த பாடம்

1989-ஆம் ஆண்டு ஏப்ரல் 15-ஆம் நாள் ஷெபீல்டு நகரின் ஹில்ஸ்பரோ திடலில் லிவர்பூல், நாட்டிங்ஹாம் பாரஸ்ட் கழகங்கள் கிண்ண அரையிறுதியில் சந்தித்தன. பெரும் ஆதரவுக் கூட்டம் உடைய லிவர்பூலுக்கு ஏறக்குறைய 24,000 சீட்டுகளும், அதனினும் சிறிய கழகமான பாரஸ்டுக்கு ஏறக்குறைய 30,000 சீட்டுகளும் ஒதுக்கப்பட்டன. ரசிகர் நகருக்குள் வரும் திசையை முன்னிட்டு இவ்வாறு பிரித்தனர். லெப்பிங்ஸ் லேன் பக்கத்து நிற்கும் மேடைக்கு உரிய சுமார் 10,000 பேர் ஏழே சுழல் வாயில்களின் வழியாக நுழையவேண்டியிருந்தது. வெளியே நெரிசல் முற்றியபோது போலீசார் பெரிய வாயில் ஒன்றைத் திறந்தனர். ஏற்கெனவே நிறைந்திருந்த நடு அடைப்புகளுக்குச் செல்லும் வழியை எவரும் அடைக்கவில்லை. வேலிக்கும் கூட்டத்துக்கும் இடையே சிக்கி மாண்டவர் தொகை, பின்னாளில் இறந்தவரையும் சேர்த்து, 97.

பேரிடருக்கு முதற் காரணம் போலீசாரின் கட்டுப்பாட்டுத் தவறே என்று நீதிபதி டெய்லரின் விசாரணை கண்டது. மாண்டவர் சட்டத்துக்குப் புறம்பாகக் கொல்லப்பட்டனர் என்றும், ரசிகர் நடத்தை அதற்குக் காரணமன்று என்றும் 2016-ஆம் ஆண்டு ஏப்ரல் 26-ஆம் நாள் நடுவர் குழு தீர்ப்பளித்தது. சீட்டு ஒதுக்குதல் வெறும் எழுத்தர் வேலையன்று. எத்தனை பேர், எந்த வாயில், எந்த வழி என்று எழுதும் பேனா, மனித உயிரைத் தொட்டு எழுதுகிறது என்பதை அந்நாள் உணர்த்தியது.

டெய்லரின் இறுதி அறிக்கை 1990-ஆம் ஆண்டு ஜனவரியில் வெளிவந்தது. அரசாங்கம் கொண்டுவர எண்ணிய ரசிகர் அடையாள அட்டைத் திட்டத்தை அது ஏற்கவில்லை, திட்டம் கைவிடப்பட்டது. மேல் இரண்டு பிரிவுக் கழகங்கள் 1994-ஆம் ஆண்டு ஆகஸ்டுக்குள் நிற்கும் மேடைகளை நீக்கி இருக்கைகள் இட நேர்ந்தது. நிற்குமிடம் இருக்கையானால் கொள்ளளவு சுருங்கும். ஒவ்வோர் இருக்கைக்கும் எண் உண்டு. ஒவ்வோர் எண்ணுக்கும் பெயர் கேட்கலாம். அதே 1994-ஆம் ஆண்டில், காற்பந்துச் சீட்டை அனுமதியின்றி மறுவிற்பனை செய்வது குற்றம் என்று சட்டம் வந்தது. கள்ளச் சந்தையை ஒடுக்குவதோடு, எதிரிக் கூட்டத்தின் நடுவே ஒருவர் தவறிச் சென்று அமர்வதைத் தடுப்பதும் அதன் நோக்கமாகும்.

புள்ளிக் கணக்கு

கணிப்பொறி வந்தபின் டோக்கன் தாள் மறைந்தது. அதன் இடத்தில் பற்றுப் புள்ளிகள் வந்தன. ரசிகர் ஒவ்வொருவருக்கும் ஓர் எண். அவர் வாங்கும் ஒவ்வொரு சீட்டும் அவ்வெண்ணில் பதிவாகும். வெளியூர் ஆட்டத்துக்கு இத்தனை புள்ளி என்று கழகம் வகுத்து, சீட்டு விற்கும்போது படிப்படியாக வாயிலைத் திறக்கும். எடுத்துக்காட்டாக, முதல் நாள் 50 புள்ளிக்கு மேற்பட்டோர் வாங்கலாம். மீதமிருப்பின் மறுநாள் 40-க்கு மேற்பட்டோர். பின்னர் 30 என இறங்கிவரும். மழைக்கால வாரநாள் இரவில் தொலைதூர ஊருக்குச் செல்லும் ஆட்டத்துக்குச் சில கழகங்கள் கூடுதல் புள்ளி தருவதுண்டு. எளிதில் கிடைக்கும் இன்பத்தைவிட அரிதில் மேற்கொண்ட பயணமே பற்றுக்குச் சான்று என்பது அதன் கருத்து.

எல்லாக் கழகங்களும் ஒரே வழியில் செல்லவில்லை. லிவர்பூல் முந்திய பருவங்களில் ஒருவர் எத்தனை ஆட்டங்களுக்குச் சென்றார் என்ற பதிவைக் கொண்டு விற்பனைக் கட்டங்களை வகுத்தது. மான்செஸ்டர் யுனைடெட் பருவச் சீட்டு உடையோரிடையே குலுக்கலையும் பயன்படுத்தி வந்துள்ளது. ஐரோப்பியப் போட்டிகளில் வரும் கழகத்துக்குத் திடலின் நூற்றில் ஐந்து பங்கே கிடைப்பதால், அங்கு நெருக்கடி இன்னும் கடுமை.

புள்ளிமுறை டோக்கனைவிட நேர்மையானது போல் தோன்றும். ஆனால் அதற்குள் ஒரு முடிச்சு உண்டு. சீட்டுப் பெறப் புள்ளி வேண்டும். புள்ளி பெறச் சீட்டு வேண்டும். இருபதாண்டுகளுக்கு முன் நுழைந்தவர் வட்டத்துக்குள் இருக்கிறார். இன்று வேலைக்குச் சேர்ந்த இளைஞன் வட்டத்துக்கு வெளியே நிற்கிறான். அவன் பற்று குறைந்தவன் அல்லன், பிந்திப் பிறந்தவன். மேலும், தம்மால் செல்லமுடியாத ஆட்டத்துக்கும் சீட்டை வாங்கி, நண்பரிடம் கொடுத்து, புள்ளியைத் தம் பெயரில் சேர்த்துக்கொள்வோர் உண்டு. ஒருவரின் புள்ளிக் கணக்கு பொருளாகி, வீட்டுச் சொத்துபோல் காக்கப்படுகிறது. இதனைத் தடுக்கச் சீட்டை ஆட்டம் நடக்கும் ஊரிலேயே அடையாளம் காட்டிப் பெறுமாறு கழகங்கள் சிலவேளை கேட்கின்றன. கைப்பேசியில் சீட்டு அனுப்புகின்றன. வேறு சில, ஒதுக்கீட்டில் ஒரு பகுதியை இளையோருக்கோ குலுக்கலுக்கோ தனியே வைக்கின்றன. அப்போது முப்பதாண்டு தவறாமல் சென்ற முதியவர், தம் இடம் பறிபோயிற்று என்று வருந்துகிறார். இரு பக்கமும் நியாயம் இருப்பதே இச்சிக்கலின் கடுமை.

விலை என்னும் மறைந்த அளவுகோல்

புள்ளியைக் காட்டிலும் கடுமையாகத் தேர்வு செய்வது பணம். 2013-ஆம் ஆண்டு ஜனவரி 13-ஆம் நாள் ஆர்சனல் திடலில் ஆடிய மான்செஸ்டர் சிட்டியின் ரசிகருக்கு ஒரு சீட்டு 62 பவுன் என விலையிடப்பட்டது. வழங்கிய 3,000 சீட்டுகளில் 912 விற்பனையாகாமல் திரும்பின. அவ்வாண்டிலேயே இங்கிலாந்து ரசிகர் கூட்டமைப்பு, வெளியூர்ச் சீட்டு 20 பவுனுக்கு மேற்படலாகாது என்று இயக்கம் நடத்தியது. லீக்கும் அசைந்தது, 2013–14 பருவம் முதல் ஒவ்வொரு கழகமும் ஆண்டுக்கு 200,000 பவுனை வெளியூர் ரசிகர் நலனுக்குச் செலவிட இசைந்தது. 2016-ஆம் ஆண்டு பிப்ரவரி 6-ஆம் நாள், 77 பவுன் சீட்டை எதிர்த்து லிவர்பூல் ரசிகர் ஏறத்தாழ 10,000 பேர் 77-ஆம் நிமிடத்தில் தம் சொந்தத் திடலைவிட்டு வெளியேறினர். கழகம் அவ்விலையைக் கைவிட்டது. அடுத்த மாதமே, 2016–17 பருவம் முதல் வெளியூர்ச் சீட்டு 30 பவுனைத் தாண்டலாகாது என்று பிரிமியர் லீக் கழகங்கள் முடிவு செய்தன. பின்னர் அவ்வரம்பு நீட்டிக்கப்பட்டது.

வரம்பு ஏழைக்கு உதவியது உண்மை. அதனோடு தேவையும் பெருகிற்று. சொந்தத் திடலின் சீட்டைவிட வெளியூர்ச் சீட்டு மலிவானபோது, அதனை நாடுவோர் கூடினர். புள்ளி வரிசை இன்னும் நீண்டது. ஒரு நியாயம் மற்றொரு நியாயத்தை நெருக்குவதற்கு இஃதோர் எடுத்துக்காட்டு.

பிற நாடுகள் வேறு வழி கண்டன. நெதர்லாந்தில் சில ஆட்டங்களுக்கு வெளியூரார் கழகம் ஏற்பாடு செய்த பேருந்திலோ ரயிலிலோ மட்டுமே வரவேண்டும். இத்தாலி 2010-ஆம் ஆண்டில் வெளியூர் செல்வோருக்கு ரசிகர் அட்டையைக் கட்டாயமாக்கிற்று. அர்ஜென்டினா 2013-ஆம் ஆண்டில் வெளியூர் ரசிகரைத் திடலுக்குள் விடுவதையே நிறுத்தியது.

வெறுமை உணர்த்திய மதிப்பு

வெளியூர்க் கூட்டத்தின் மதிப்பை அது இல்லாதபோதே உலகம் உணர்ந்தது. கொரோனா நோய்ப் பரவலால் 2020-ஆம் ஆண்டு ஜூன் 17 முதல் பிரிமியர் லீக் ஆட்டங்கள் வெற்றுத் திடலில் நடந்தன. பெரும்பகுதி ஆட்டங்கள் ரசிகரின்றி நடந்த 2020–21 பருவத்தில், 380 ஆட்டங்களில் விருந்து அணிகள் வென்றவை 144. வந்த அணிகள் வென்றவை 153. இங்கிலாந்தின் முதல்தர லீக் வரலாற்றில் சொந்தத் திடல் வெற்றிகளை வெளியூர் வெற்றிகள் மிஞ்சியது அதுவே முதன்முறை. 2021-ஆம் ஆண்டு ஆகஸ்டில் வெளியூர் ரசிகர் திரும்பியபோது, திடலின் ஒரு மூலையில் அமரும் மூவாயிரம் பேரின் குரல் எவ்வளவு பெரிது என்பதைக் கழகங்கள் மறுபடி கேட்டறிந்தன.

இவ்வரலாற்றைத் தொகுத்து நோக்குமிடத்து ஓர் உண்மை தெளிவாகும். வாயிலில் காசு வாங்கிய காலத்தில் பற்று காலால் அளக்கப்பட்டது, வரிசையில் பொறுமையால், டோக்கனில் தாளால், புள்ளியில் பதிவால். எந்த அளவுகோலும் தானே பற்று ஆகிவிடவில்லை. தேர்வில் பெறும் மதிப்பெண் அறிவைக் காட்டும் குறியே அன்றி அறிவு அன்று என்பதை ஆசிரியர்கள் நன்கறிவர். குறியையே குறிக்கோளாகக் கொள்ளும் மாணவன் பிறப்பது போலவே, புள்ளியையே குறிக்கோளாகக் கொள்ளும் ரசிகனும் பிறக்கிறான்.

ஆயினும் அளவுகோலே வேண்டாம் என்றால் பணமும் செல்வாக்கும் அவ்விடத்தைப் பிடித்துக்கொள்ளும். ஆதலின் விதி வேண்டும். அவ்விதி எல்லோரும் அறிய அச்சிடப்படவேண்டும். நெடுங்காலம் உடன் வந்தவருக்குப் பெரும்பகுதியும், இனி வரவேண்டியவருக்கு ஒரு சிறுபகுதியும் ஒதுக்கப்படவேண்டும். பருவந்தோறும் ரசிகரோடு கலந்து அது திருத்தப்படவேண்டும். பழைய ரசிகர் ஒருநாள் பயணத்தை நிறுத்துவார். அன்று அவருடைய இருக்கையில் அமர, பாடல்களைக் கற்ற இளைஞன் ஒருவன் இருந்தால்தான் அந்தக் கழகத்தின் குரல் வெளியூரில் தொடர்ந்து ஒலிக்கும்.